இருக்கலாம் என்கிறவள்

...தண்ணீர் மட்டும் இருந்தால் போதாதாம், அந்தத் தண்ணீர் தண்ணீராகவே நிற்க வேண்டுமாம், கொதித்து ஆவியாகிவிடக் கூடாது, உறைந்து பாறையாகிவிடவும் கூடாது, அதற்குக் கோள் என்பது தன் சூரியனிடமிருந்து சரியான தூரத்தில் இருக்க வேண்டும், ஒட்டிக்கொண்டாலும் ஆபத்து, ஒதுங்கிப் போனாலும் ஆபத்து என்று எதிர்வீட்டுக்காரி ஒருநாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இதைத்தானே கல்யாணம் நிச்சயமான ஒவ்வொரு பெண்ணிடமும் மாமியார் வீட்டைப் பற்றி நான் சொல்லி வருகிறேன், எனக்கு யார் பட்டம் கொடுத்தார்கள், அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் இரண்டு. பட்டம் கிடக்கட்டும். இப்போது அவளுடைய வீட்டுக்கே ஒருவர் சோதனைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாரே, எதிர்வீட்டில், என் வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம், குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா, இந்த வீட்டில் ஒரு குழந்தை வளர முடியுமா என்று பார்த்து எழுதப் போகிறார், முடியும் என்று எழுதினால் இவள் தத்துக்குக் கேட்டிருக்கிற மூன்று வயதுப் பெண் இங்கே வரும், முடியாது என்றால் வேறு எங்கோ போகும், இவள் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும், இன்னொரு தடவை நிற்க இவளுக்குத் தெம்பு இல்லை, அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். குழந்தையின் படத்தை எனக்குக் காட்டினாள், ஒரு காலில் மட்டும் சாக்ஸ், மறுகால் வெறுங்கால், அந்த வெறுங்காலைத்தான் கேமராவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது, கெட்டிக்காரி என்று அப்போதே நினைத்தேன். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றால் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், சமையலறையில், ஸ்டூலைப் பொந்துக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு. இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் நடுவே புகை போக ஒரே ஒரு பொந்து, கட்டியவன் மிச்சம் பிடிக்கிறேன் என்று செய்த காரியம், புகை போகிறதோ இல்லையோ பேச்சு நன்றாக வருகிறது. நான் போய் ஒட்டுக்கேட்கவில்லை. என் வீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன், பேச்சுதான் வருகிறது, அதிகாரியைச் சமையலறை மேசையில் உட்கார வைத்தது அவள், கூடத்தில் இருக்கிற நாற்காலி எல்லாவற்றிலும் புத்தகம்.

எங்கள் கட்டடத்தில் அவளுக்குக் கிரகம் என்று பெயர். வைத்தது நான்தான், பரப்பியது இரண்டாம் மாடிப் பல்டாக்டரின் மனைவி, பரப்பியதில் எனக்குப் பங்கில்லை. குடிவந்த புதிதில் என்ன வேலை என்று கேட்டேன், கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது, கோள்களைப் பற்றி ஆராய்ச்சி என்றாள், "அதைத்தாம்மா நான் சம்பளமில்லாம செஞ்சிட்டிருக்கேன்" என்றேன், அவளுக்குப் புரிந்து அவள் சிரிப்பதற்குள் நான் படியிறங்கித் திரும்பிவிட்டேன். மெதுவாகத்தான் சிரிப்பாள். எதுவுமே மெதுவாகத்தான். வெகு தொலைவில் ஏதோ ஒரு நட்சத்திரமாம், அதன் வெளிச்சம் துளி மங்கினால் அதன் குறுக்கே ஏதோ ஒன்று போயிருக்கிறது என்று அர்த்தமாம், அந்தத் துளி மங்கலை வைத்து, போனது எவ்வளவு பருமன், எவ்வளவு தள்ளிச் சுற்றுகிறது, அங்கே சூடா குளிரா என்று கணக்குப் போடுவார்களாம், "நேர்ல போய்ப் பாத்தவங்க?" என்று கேட்டேன், "யாருமில்லக்கா, போகவே முடியாது" என்றாள். அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். எதிர்க் கட்டடத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் போகிற நிழலை வைத்து, வந்திருப்பது மாமனாரா மைத்துனனா என்று நான் சொல்வேன், நான் சொன்னால் அது வம்பு, இவள் சொன்னால் அதற்கு ஒரு ஆய்வகம், ஏசி, வாசலில் காவலாளி. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, பெரிய வித்தியாசம், நான் சொன்னால் சொன்னதுதான். வந்தது மைத்துனன் என்றால் மைத்துனன், வந்தவனே நேரில் நின்று நான் மைத்துனன் இல்லை என்றாலும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். இவளிடம் அங்கே உயிர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், "இருக்கலாம்" என்பாள், "இல்லன்னு சொல்ல ஆதாரமில்ல" என்பாள், "இன்னும் பாக்கணும்" என்பாள். பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறவளை மழை பெய்கிறதா என்று கேட்டாலும் "பெய்யற மாதிரிதான் இருக்கு" என்பாள், மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வியாதிதான் இப்போது பொந்து வழியாக என் பீன்ஸ்மேல் கொட்டுகிறது. அதிகாரிக்கு நல்ல குரல், அதட்டுகிற குரல் இல்லை, கேட்டுவிட்டுக் காத்திருக்கிற குரல். "ஒரு குழந்தை வளர இந்த வீடு சரியா இருக்கும்னு நினைக்கறீங்களா?" என்றார். சத்தமே இல்லை. யோசிக்கிறாளாம். யோசிக்கிற கேள்வியா இது, வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயை நீட்ட வேண்டிய கேள்வி... "சில விஷயங்கள் சாதகமா இருக்கு. சிலது தெரியல. இப்பவே உறுதியா சொல்லிட முடியாது." என் கத்தி பாதிப் பீன்ஸில் நின்றுவிட்டது. "வேலையையும் குழந்தையையும் சமாளிச்சிடுவீங்களா?" "அதுக்கு வாய்ப்பு அதிகம்." வாய்ப்பு அதிகமாம், வானிலை அறிக்கை வாசிக்கிறாள். "குழந்தைக்கு உங்களப் பிடிச்சுப் போயிடும்னு தோணுதா?" "அத இப்ப கணிக்க முடியாதுங்க. வந்தப்புறம் கொஞ்ச நாள் கவனிச்சாத்தான் தெரியும்." அட மகராசி. அந்தப் பேனா என்ன எழுதிக்கொண்டிருக்கிறதோ, இவளுக்கே நம்பிக்கையில்லை என்றுதானே எழுதும், வேறு யாராவது இருந்தால் அப்படித்தானே எழுதுவார்கள். "என்னங்க, கேட்டீங்களா இவ பேசறத" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் பேப்பருக்குள்ளிருந்து, "உனக்குக் கேக்குதுன்னா எனக்கும் கேக்கணுமா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உன்னையும் விசாரிக்க வருவாங்கல்ல, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார். நான் எப்போது கேட்காததற்குப் பதில் சொல்லியிருக்கிறேன் என்று கேட்டேன், பேப்பரைப் புரட்டினார், கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னோடு வாக்குவாதம் செய்கிற முறை அதுதான், நல்ல மனிதர், பக்கம் பக்கமாகத் தோற்றிருக்கிறார்.

நம்பிக்கை இல்லாதவளா அவள்? போன வாரம் கதவு திறந்து கிடந்தது, எட்டிப் பார்த்தேன், கிரகம் முட்டி போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறாள், கூடத்திலிருந்து படுக்கையறை, படுக்கையறையிலிருந்து சமையலறை, தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டு, எனக்குப் பகீரென்றது, நட்சத்திரம் பார்த்துப் பார்த்துக் கழன்றுவிட்டதோ என்று. கேட்டால், மூன்று வயது உயரத்திலிருந்து இந்த வீடு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாளாம். பார்த்து முடித்து மேசை முனைக்கெல்லாம் ரப்பர் ஒட்டினாள், கட்டிலுக்கு அடியில் ஒரு விளக்கு வைத்தாள், கீழேயிருந்து பார்த்தால் அந்த இடம் ரொம்ப இருட்டாக இருக்கிறதாம். இதை அதிகாரியிடம் சொன்னாளா? சொல்லமாட்டாள். கேட்கவில்லையே என்பாள். போய்ப் பார்க்கவே முடியாத இடத்துக்கு முட்டி போட்டாவது போய்ப் பார்க்கிறவள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷியிடம் தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவள்... பேச்சு தூரமாகிவிட்டது, அறையைக் காட்டக் கூட்டிப் போயிருக்கிறாள், அங்கே பேசினால் எனக்கு ஒன்றும் வராது, பொந்து சமையலறையோடு சரி.

வெள்ளிக் கோளைப் பற்றி ஒருநாள் சொன்னாள், அது நம் பூமிக்குக் கூடப்பிறந்தது மாதிரியாம், ஏறக்குறைய அதே அளவு, அதே சரக்கு, ஒருகாலத்தில் அங்கேகூடக் கடல் இருந்திருக்கலாமாம், லாம்தான், ஆனால் மேலே போர்த்திய காற்று தடித்துத் தடித்து, உள்ளே வந்த சூடு வெளியே போக வழியில்லாமல், இப்போது ஈயம் உருகுகிற கொதிப்பு. கேட்டதும் எனக்குப் பல்டாக்டர் வீடு கண்முன் வந்து நின்றது, எல்லா ஜன்னலும் சாத்தியபடி, பையனுக்கு வெயில் நாளிலும் ஸ்வெட்டர், தும்மினால் மருந்து, தும்மாவிட்டால் ஏன் தும்மவில்லை என்று மருந்து, என் வீட்டுக்கு வந்தால்தான் அது பால்கனியில் செருப்பில்லாமல் நிற்கும், நான் கண்டுகொள்வதில்லை, அது நிற்கிறபோது அவர்கள் வீட்டு விஷயம் நாலு கேட்டுக்கொள்ளலாமே. செவ்வாய் வேறு மாதிரி, அது சின்னது, வயிற்றுக்குள் இருந்த சூடு சீக்கிரம் அடங்கிவிட்டதாம், சூடு அடங்கியதும் கோளைச் சுற்றியிருந்த காந்தக் கவசம் போய்விட்டது, கவசம் போனதும் இருந்த காற்றைச் சூரியன் கொஞ்சம் கொஞ்சமாக ஊதித் தள்ளிவிட்டது, அது யார் வீடென்று நான் சொல்லவே வேண்டாம், மேல்மாடி ரிட்டயர்ட் தம்பதி, அவருக்கு ஒரு அறை அந்தம்மாவுக்கு ஒரு அறை, அவருக்கு ஒரு டிவி அந்தம்மாவுக்கு ஒரு டிவி, போனவர்கள் எவரும் அங்கே தங்குவதில்லை. நான் மட்டும் தினமும் ஒரு நடை போய் ஏதாவது கைமாற்று கேட்பேன், கொஞ்சம் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம், எனக்குத் தேவையென்று இல்லை, உள்ளே என்ன நிலவரம் என்று பார்க்கத்தான், அந்தம்மா கதவைத் திறந்தால் அவரும் யார் என்று பார்க்க எழுந்து வருவார், இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுவதற்காவது ஒரே இடத்தில் நிற்பார்கள். ஆனால் முதல்மாடி அச்சகக்காரர் வீட்டைப் பற்றி அவள் சொன்னதுதான் எனக்கு மறக்காது. அங்கே வாரம் தவறாமல் சண்டை, பாத்திரம் உருளும், அந்த இரண்டு பிள்ளைகளும் சண்டை ஆரம்பித்ததும் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு என் சமையலறைத் தரைக்கு வந்துவிடும், எனக்கும் சண்டையின் விவரம் சுடச்சுடக் கிடைத்துவிடும். அந்த வீட்டில் எப்படி இந்தப் பிள்ளைகள் இப்படிக் கொழுகொழுவென்று, சிரித்துக்கொண்டே வளர்கின்றன என்று கேட்டேன். கிரகம் யோசித்துவிட்டு, "தரை நடுங்கற கோள் ஒரு வகையில நல்லதுக்கா. உள்ள புதைஞ்சு போறது நடுக்கத்துல திரும்ப மேல வந்துடும், காத்துல கலக்கும், அதனால சூடு ஒரு அளவுல நிக்கும்" என்றாள். உடனே, "அது கட்டாயம் வேணுமான்னு இன்னும் தெரியாது" என்றும் சேர்த்துக்கொண்டாள், நான் அந்தப் பின்பாதியை வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் அச்சகக்காரர் மனைவியிடம் கொண்டு போய்ச் சேர்த்தேன், அவளுக்கு ஒரே பெருமை, அந்த வாரம் இரண்டு சண்டை.

எனக்குப் பிள்ளையில்லை. அதைப் பற்றி இந்தக் கட்டடத்தில் யாரும் என்னைவிட நன்றாகப் பேசிவிட முடியாது என்பதால் யாரும் பேசுவதில்லை. எல்லோர் வீட்டையும் அளந்தாயிற்று, கிரகத்தின் வீட்டுக்கு என்ன குறை? ஒரே ஆள், ஒரே தட்டு, சத்தம் என்றால் அவளே ஒரு ஸ்பூனைக் கீழே போட்டால்தான் உண்டு. தண்ணீர் இருக்கிறது, தூரம் சரியாக இருக்கிறது, காற்றும் இருக்கிறது, உயிர்தான் வந்து சேரவில்லை, அது ஏன் சில இடத்தில் வருகிறது சில இடத்தில் வருவதில்லை என்று யாருக்கும் தெரியாதாம், எல்லாம் சரியாக அமைந்த இடத்தில்கூட ஒன்றும் வராமல் போகலாமாம், அதைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னைப் பார்க்கவில்லை, மாடிப்படிக் கம்பியைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம்தான், "அக்கா, ஒரு குழந்தைய எடுத்து வளர்க்கலாம்னு இருக்கேன்" என்றாள். மற்றவர்களிடம் சொல்லியிருந்தால் தனியாளாச்சே, வேலையாச்சே, நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் யார் என்று ஆரம்பித்திருப்பார்கள். நான் "எப்ப வருது?" என்றேன். வேறென்ன கேட்பது, தேதி தெரிந்தால்தானே மற்றவர்களுக்குச் சொல்ல முடியும்.

மணி அடிக்கிறது. வந்தாயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன், அதிகாரி அம்மா, தட்டைச் செருப்பு, தோளில் கனமான பை, பையின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்த நடை, நிறைய வீடு ஏறி இறங்குகிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. பின்னால் எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது, அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அது எனக்குத் தெரியும், ஆதாரம் வேண்டாம். கூடத்தில் உட்காரச் சொன்னேன், அவர் "நீங்க வேலையா இருந்தீங்கபோல, இங்கயே பேசலாம்" என்று சமையலறைக்கே வந்துவிட்டார், இது எனக்குப் பிடித்தது. எத்தனை நாளாகத் தெரியும், எப்படிப் பழக்கம், வந்து போகிறவர்கள் யார் யார் என்று ஆரம்பித்தார், அடேயப்பா, வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் இதையெல்லாம் என்னிடம் வேலை மெனக்கெட்டு வந்து கேட்கிறார், எழுதிக்கொள்கிறார் வேறு. சொன்னேன். முட்டி போட்டு நடந்ததைச் சொன்னேன், கட்டிலுக்கு அடியில் விளக்கு வைத்ததைச் சொன்னேன், அதைச் சொன்னபோது பேனாவை நிறுத்தி "எதுக்கு அடியில?" என்று திரும்பக் கேட்டு எழுதினார். பிறகு, "மறதி உண்டா? பொறுப்பா இருப்பாங்களா?" என்றார்.

இங்கேதான் அடுப்பு வந்தது. ஒருநாள் அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து வேலைக்குப் போய்விட்டாள், பொந்து வழியாகத் தீய்ந்த வாசனை, அவள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது, ஓடிப்போய் அணைத்துப் பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன். சொல்லலாமா கூடாதா? சொன்னால் குழந்தை வராமல் போகலாம். சொல்லாவிட்டால்... நான் கதையை விழுங்கிப் பழக்கமில்லாதவள், விழுங்கினால் முகத்தில் தெரிந்துவிடும், அப்புறம் முட்டி போட்டதையும் விளக்கையும்கூட இவர் நம்பமாட்டார். கூடத்தில் பேப்பர் அசையவில்லை. "ஒரு தடவ அடுப்ப அணைக்காம போயிட்டா" என்றேன், முழுவதும் சொன்னேன், வாசனையிலிருந்து பாத்திரம் வரைக்கும், "மறுநாளே தானா அணையற அடுப்பா வாங்கிட்டா. அதுக்கப்புறம் மறந்தாலும் அடுப்பு மறக்காது" என்று முடித்தேன். அவர் எழுதினார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகம்தான் என்னைக் கவிழ்த்தது. "இதோ பாருங்க, அவ உறுதியா சொல்ல முடியாது, வாய்ப்பு இருக்குன்னு சொன்னதையெல்லாம் நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. அவ தொழில் அப்படி. அவ பாக்கற கோள்லேருந்து ஒரு கை நீண்டு இவளுக்கு டாட்டா காட்டினாக்கூட கை மாதிரி ஒண்ணு அசையற வாய்ப்பு இருக்குன்னுதான் சொல்லுவா. அவ இருக்கலாம்னு சொன்னா நீங்களும் நானும் அத சத்தியம்னு எடுத்துக்கணும்" என்றேன்.

பேனா நின்றுவிட்டது. "அவங்க அப்படிச் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கூடத்திலிருந்து ஒரு இருமல். எனக்கு ஒரு கணம்தான், அதற்குமேல் நான் தடுமாறுவதில்லை, பீன்ஸ் கத்தியாலேயே மேலே காட்டினேன். அவர் நிமிர்ந்து பொந்தைப் பார்த்தார், கிட்டே போய் நின்று காதை வைத்தார், எதிர்ப்பக்கம் குழாய் மூடுகிற சத்தம், நாற்காலி நகர்கிற சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "எல்லாம் கேக்குமா?" "எல்லாம்." "அப்ப குழந்தை அழுதா?" "எனக்குத்தான் முதல்ல கேக்கும். நட்சத்திரம் பாத்துட்டிருக்கறவளுக்கு அப்புறம்தான்." அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை எங்கேயோ வைத்துக்கொண்டார், எழுதினார், அந்த வரியை மட்டும் எட்டிப் பார்க்க முடிந்திருந்தால்... எழுதி முடித்துப் பையை மூடிக்கொண்டே, "அவங்களுக்கு உடம்பு முடியாம போனா, அவசரம்னா, குழந்தைய யார் பாத்துப்பாங்கன்னு கேட்டேன். உங்களச் சொன்னாங்க. உங்ககிட்ட கேட்டிருக்காங்களா?" என்றார்.

கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடியிருக்கிறது, அது எனக்குத் தெரியாது. அறையில் பேசியிருக்கிறார்கள், பொந்து எட்டாத இடத்தில். "கேக்கணுமா என்ன?" என்றேன், என் வாய் எனக்கு முந்திக்கொண்டு சொன்னது. "நான் எதுக்கு இங்க இருக்கேன்?" அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "எல்லாத்துக்கும் இருக்கலாம், பாக்கணும்னு சொன்னவங்க, இதுக்கு மட்டும் நிச்சயமான்னு சொன்னாங்க. எப்படி அவ்வளவு நிச்சயம்னு கேட்டேன். நிறைய தடவ பாத்திருக்கேன்னாங்க." எனக்குக் காது சூடாகிவிட்டது. "என்னத்தப் பாத்தாளாம்?" "அத நான் கேக்கலீங்க." கேட்கவில்லையாம்! என்ன அதிகாரி இவர், வீடு வீடாக ஏறி இறங்கி விசாரிக்கிறவர், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டு வந்து நிற்கிறார், என்னை அனுப்பியிருந்தால்... "அடுத்த வாரம் குழந்தைய ஒரு தடவ கூட்டிட்டு வரேன். அதுவும் வீட்டப் பாக்கட்டும். முடிவெல்லாம் அப்புறம்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார், ஒரு பக்கம் சாய்ந்தபடி.

நிறைய தடவை பார்த்திருக்கிறாளாம். எதை? அவள் எப்போது என்னைப் பார்த்தாள், நான்தானே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் கழுத்து மேல்நோக்கியே திரும்பியிருக்கும் என்றுதானே இத்தனை நாள்... நல்லதாக ஏதாவது செய்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை, தண்ணீர் லாரிக்காரனோடு கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டது வருகிறது, மற்றவர்களுக்கு வந்த கூரியர் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது வருகிறது, படியில் நின்று பேசிப் பேசிக் குழம்பு தீய்ந்தது வருகிறது, இதையெல்லாம் நிறைய தடவை பார்த்திருப்பாள்தான், ஆனால் இதை வைத்து ஒரு குழந்தையை நம்பித் தருவார்களா? மழையில் நனைந்துகொண்டே மழை என்று சொல்லாதவள் நிச்சயம் என்று சொல்கிறாள் என்றால், நான் எதையோ திரும்பத் திரும்பச் செய்கிறேன், மறுக்க முடியாத அளவுக்குச் செய்கிறேன், அது எனக்கே தெரியவில்லை. "என்னங்க, நான் திரும்பத் திரும்ப என்ன செய்யறேன்?" என்று கூடத்துக்குப் போய்க் கேட்டேன். "பேசற" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வருகிறவர்போல இருந்தார், அதற்குள் கதவைத் தட்டுகிற சத்தம்.

கிரகம்தான். கண்ணும் மூக்கும் சிவந்து, கையைப் பிசைந்துகொண்டு. "என்னக்கா சொன்னீங்க?" "அடுப்பச் சொன்னேன்." முகம் விழுந்துவிட்டது. "மத்ததும் சொன்னேன். கூட்டிட்டு வராங்களாமே." "ஆமாக்கா. முடிவுன்னு எடுத்துக்க முடியாது, ஆனா ஒரு அறிகுறியா..." என்று இழுத்தாள், இன்னும் இழுக்கிறாள், திருந்தவே மாட்டாள். கேட்டுவிடலாம். இதோ நிற்கிறாள், என்னடி பார்த்தாய் என்று ஒரு வார்த்தை, கேட்டால் சொல்லிவிடுவாள், அவளுக்கு மறைக்கத் தெரியாது, தேதி வாரியாகச் சொல்வாள். நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. சொல்லிவிட்டால்? நாளைக்கு அதை நான் செய்யும்போது செய்கிறேன் என்று எனக்குத் தெரியுமே, தெரிந்துவிட்டால் கை தடுமாறுமே, நல்லவள் மாதிரி ஒரு நடிப்பு வந்து ஒட்டிக்கொள்ளுமே, அப்புறம் அது அதுவாக வருமா... அந்தப் பெண் ஒரு காலில் சாக்ஸோடு வந்து நிற்கும்போது எனக்கு அது வராமல் போய்விட்டால்? என் வாழ்நாளில் நான் கேட்காமல் விட்ட முதல் கேள்வி இது, தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, நிற்கட்டும். "உள்ள வா, அழுதுட்டு வாசல்ல நிக்காத, பல்டாக்டர் பொண்டாட்டி பாத்தா கதை கட்டிடுவா" என்று நகர்ந்து வழிவிட்டேன், அவள் தாண்டிப் போகும்போது என் கை தானாகப் போய் அவள் முதுகில் பட்டது, பட்டதுமே, இதுதானோ, இல்லை, உள்ளே வா என்றதா, வழிவிட்டதா, யாரென்று கேட்காமல் கதவைத் திறந்ததா... சே, ஆரம்பித்துவிட்டது.